ஜர்னல் பார்க்கும் சந்தானம் சார்

மதுரையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கல்லூரிகளில் ஜர்னல் பார்ப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. ஜர்னல் படிப்பவரைச் சொல்லவில்லை, அந்த இனம் அருகிவிட்டது. முடித்த கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பாரே, அவரைச் சொல்கிறேன். பார்ப்பார். அனுப்பமாட்டார்.

தாவரவியல் பேராசிரியர் சந்தானம் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கணினியில் நாற்பத்தேழு ஜர்னல்களின் பட்டியல் இருக்கிறது. பச்சை அடித்தவை அனுப்பத் தகுந்தவை, மஞ்சள் அடித்தவை யோசிக்கத் தகுந்தவை, சிவப்பு அடித்தவை எதிர் அறைப் பேராசிரியர் ஏற்கெனவே எழுதிவிட்டவை. காலையில் வந்ததும் ஃபேனைப் போட்டு, பட்டியலைத் திறந்து, எதற்கு மவுசு ஏறியது, எதற்கு இறங்கியது, எதன் ஆசிரியர் குழுவில் யார் மாறினார் என்றெல்லாம் விசாரித்து, இரண்டு பச்சையை மஞ்சளாக்கி, ஒரு மஞ்சளைப் பச்சையாக்கி நிமிர்வதற்குள் டீ வந்துவிடும்.

இவ்வளவும் யாருக்காக? அவரிடம் ஆய்வு செய்யும் நிலோபருக்காக. காஜிமார் தெருவிலிருந்து தினமும் பஸ் பிடித்து, மூன்று வருடம் சோழவந்தான் கொடிக்கால்களில் அலைந்து, வெற்றிலைக் கொடியின் வேர் ஏன் அழுகுகிறது, எப்படித் தண்ணீர் விட்டால் அழுகாது என்று கண்டுபிடித்த பெண். ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் அவளுடைய ஆய்வேட்டை வாங்குவார்கள். கெடு ஜூன் மாதம். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

"சார், லிஸ்ட்ல மொதல்ல இருக்குற ஜர்னலுக்கே அனுப்பிரலாமே சார்?"

"ஏம்மா பறக்குற? அம்புட்டு நல்ல டேட்டா. எடுத்த எடுப்புல ரிஜெக்ட் பண்ணிட்டான்னா நம்ம மரியாதை என்னாகுறது?"

"அப்ப ரெண்டாவது?"

"அது கொஞ்சம் கீழம்மா. பாக்குறவுங்க என்ன நெனப்பாங்க?"

கவனித்தீர்களா? மேலே இருப்பது மறுத்துவிடுமோ என்று பயம். கீழே இருப்பது ஏற்றுக்கொண்டுவிடுமோ என்று பயம். நடுவில் ஒன்று தப்பித்தவறிக் கிடைத்தால், அதன் விதிப்படி மேற்கோள் பட்டியலை மாற்றி எழுதச் சொல்வார். எண்பத்திரண்டு மேற்கோள்கள். நிலோபர் ஐந்து முறை மாற்றினாள். ஆறாவது ஜர்னல், அவள் முதலில் எழுதியிருந்த முறையைக் கேட்டது.

அவள் அலைந்த கொடிக்கால்களில் ஒன்றின் சொந்தக்காரர் சோழவந்தான் வீரணனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நிலோபர் வாயால் சொன்னதைக் கேட்டு, அப்படியே கொடிக்காலுக்குத் தண்ணீர் விட்டார்.

"கொடி தளதளன்னு நிக்குது தாயி. மூணு தடவ வெத்தல கிள்ளியாச்சு. ஒங்க சாரு இன்னுமா பாத்துக்கிட்டு இருக்காரு?" என்று போனில் கேட்டார்.

ஏப்ரலில் ஒரு நாள் சார் முகமெல்லாம் பல்லாக வந்தார். பட்டியலின் முதல் ஜர்னலிலிருந்தே மின்னஞ்சல்! யாரோ அனுப்பிய ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தரும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். துறை முழுக்கச் சொன்னார். எதிர் அறையில் இரண்டு முறை சொன்னார். கைடுக்கு வரும் கட்டுரையை ஸ்காலர் படிப்பதுதானே நம் பக்கத்து வழக்கம்? தலைப்பைக்கூடப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்து நிலோபரிடம் நீட்டினார்.

"நீயே பாத்து எழுதிரும்மா. நான் பேரு போட்டு அனுப்பிர்றேன்."

வேறு மாநிலத்து வெற்றிலை. அதே வேரழுகல். அதே தண்ணீர் முறை. மூன்றாவது அட்டவணை ஏறக்குறைய அவளுடையதே. அவர்கள் திருடவில்லை; அவளைப் போலவே வெயிலில் அலைந்து கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததும் அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். நிலோபர் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மனசாட்சிப்படி எழுதினாள்: "முக்கியமான கண்டுபிடிப்பு. தாமதமின்றி வெளியிடலாம்."

அதை மட்டும் சந்தானம் சார் அன்றைக்கே அனுப்பினார்.

ஜூன் வந்தது; நிலோபரின் ஆய்வுப் பதிவு ரத்தானது. சார் வருத்தப்பட்டார், அதில் பொய்யில்லை. வருத்தத்தோடே பட்டியலைத் திறந்து முதல் ஜர்னலுக்குச் சிவப்பு அடித்தார். "வெத்தலையில அவன் இப்பத்தான் ஒண்ணு போட்டுட்டான். இனி நம்மளத எடுக்கமாட்டான்."

பாவம் அந்தப் பெண் என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு சந்தானம் சாருக்கு இதை அனுப்பவேண்டும் என்றும் தோன்றுகிறது, இல்லையா? இவருக்கு அனுப்பலாமா, தப்பாக எடுத்துக்கொள்வாரோ, அவருக்கென்றால் கொஞ்சம் பொருத்தமாக இருக்குமோ, எதற்கும் இன்னும் இரண்டு நாள் யோசித்துவிட்டு...

பாருங்கள், பாருங்கள். நிதானமாகவே பாருங்கள்.