இரண்டாம் பாடத்தின் கமிஷன்

"முதல் பாடத்துக்கு உங்க கமிஷன் வந்திடுச்சே சார்?" என்றாள் போனில் உதவி மையத்துப் பெண்.

"வந்திடுச்சும்மா. நான் கேக்கறது ரெண்டாம் பாடத்துக்கு. நான் கூட்டிட்டு வந்தவங்கள்ல நெறைய பேர் அதையும் வாங்கியிருக்காங்க. என் கம்ப்யூட்டர்லயே தெரியுது. கமிஷன் இடத்துல மட்டும் முட்டை!"

"அது தொடர் விற்பனை சார். அவங்க நேரா எங்ககிட்டயே வாங்கினது."

"நேரா வர்றதுக்கு வழி காட்டினது யாரு?"

"ஒரு நிமிஷம் சார்" என்று இசையைப் போட்டுவிட்டாள். அந்த இசை அவருக்கு மனப்பாடம். கூடவே முணுமுணுத்தார்.

குடியிருப்பில் அவரைப் பல்செட்காரர் என்பார்கள். பல் மருத்துவமனைகளுக்குச் செயற்கைப் பல் வரிசை செய்து கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பகல் முழுக்க அவரைச் சுற்றி வாய்கள், ஒன்றும் பேசாது. அளவெடுத்த அச்சு, பையில் வந்து கதவில் தொங்கும். செய்து முடித்ததை அதே பையில் போட்டுத் தொங்கவிடுவார். அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு யார் சிரிக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் ஏன் ஆகவில்லை என்று கேட்க ஆளும் இல்லாமல் போயிற்று.

அதனால்தான் 'மனம் விட்டுப் பேசலாம் வாங்க' என்ற ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார். முதல் பாடம் நன்றாகத்தான் போயிற்று. அதன் கடைசிப் பயிற்சியில் மாட்டிக்கொண்டார். 'காரணம் எதுவும் இல்லாமல் ஒருவரோடு பத்து நிமிடம் பேசுங்கள்.' அதை முடித்தால்தான் இரண்டாம் பாடம் திறக்கும். அதுவரை அதன் பெயர்கூடத் தெரியாது, ஒரு பூட்டுப் படம் மட்டும் இருக்கும். காரணம் இல்லாமல் யாரிடம் போய் நிற்பது?

அந்தச் சமயத்தில்தான் வகுப்பை நடத்தும் நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது: 'உங்கள் லிங்கை நண்பர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் சேர்ந்தால் உங்களுக்குக் கமிஷன்.'

காரணம் கிடைத்துவிட்டது! அதுவரை மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் சுவரோரம் ஒதுங்கிப் போகிற மனிதர், மறுநாளே எதிர்வீட்டு நர்ஸை மடக்கினார். கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரைப் பிடித்தார். வெளியூர் அக்காவுக்குப் போன் போட்டார். மனுஷன் வாயைத் திறந்ததே அதிசயம் என்று அவர்களும் குடியிருப்பில் இன்னும் பலரும் சேர்ந்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் 'உங்கள் ஆட்கள்' என்ற தலைப்பின் கீழ் அவர்கள் பெயர்கள் வந்தன. கமிஷன் பெரிய தொகையில்லை. ஆனால் அந்தத் தலைப்பை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தார் என்று கேட்டால் வெட்கப்படுவார்.

இப்போது அதே ஆட்கள் இரண்டாம் பாடம் வாங்கியதும், பெயருக்கு நேரே 'நிறுவனத்தின் ஆள்' என்று மாற்றிவிட்டார்கள். அதுதான் சுருக்கென்று குத்தியது.

இசை நின்றது. "சார், வாங்கறதுக்கு முன்னாடி அவங்க உங்க லிங்கை இன்னொரு தடவை அமுக்கியிருந்தா உங்க கணக்குல வரும்."

"அவ்வளவுதானே!"

அன்று முதல் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் காலையும் மாலையும் லிங்க் விழுந்தது. மருந்துக்குக்கூட யாரும் பதில் போடவில்லை. வாரக் கடைசியில் தண்ணீர் வராதபோதுதான் தெரிந்தது, மோட்டார் ரிப்பேர் விஷயத்தை அவரைத் தவிர எல்லாரும் அறிந்திருந்தார்கள். அவர் இல்லாத புதுக் குழு ஒன்று ஆரம்பமாகியிருந்தது.

ஆனால் இரண்டாம் பாடம் இன்னும் நாலைந்து பேருக்கு விற்றிருந்தது. கமிஷன் அதே முட்டை.

மறுபடி போன். இந்த முறை மேலாளரே லைனில் வந்தார். "கல்யாணத் தரகர், பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் கமிஷன் கேட்டா எப்படி சார்?"

"குழந்தைக்கு நான் கேக்கலை சார். அதே தம்பதியை மறுபடி மணமேடையில உக்கார வச்சுக் காசு வாங்கறீங்களே, அதுக்குக் கேக்கறேன்."

மேலாளர் சிரித்துவிட்டார். "சரி, உங்க முயற்சியாலதான் வாங்கினாங்கன்னு காட்டுங்க. ஆளாளுக்கு நேர்ல பேசுங்க. பாக்கலாம்."

நேரில் கிளம்பினார். நர்ஸ் கதவைத் திறந்து, அவரைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டாள், தலைகீழாக. தையல்காரர், "அவசரத் துணிண்ணே" என்று ஊசியில் நூலே கோக்காமல் மெஷினை மிதித்தார். அக்காவுக்குப் போன் செய்தபோதெல்லாம், "பால் பொங்குதுடா தம்பி, அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். அன்று மட்டும் அந்த வீட்டில் மூன்று முறை பால் பொங்கியது.

ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. விலகிப் போகும்போது எல்லாரும் இனிமையாகச் சிரித்து, "உங்களோட பேசினதுல ரொம்ப சந்தோஷம், இன்னொரு நாள் விரிவா பேசுவோம்" என்றார்கள். என்ன மரியாதை! வகுப்பு நன்றாகத்தான் சொல்லித் தருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சுற்றுக்குப் பிறகு விற்பனை சடசடவென்று ஏறியது. அதுவரை வாங்காத வீடுகளில் அவர் பேசப் போனதெல்லாம் வாங்கியது. அவர் போகாத வீடு வாங்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எடுத்துச் சொன்னார். மேலாளர் விசாரித்தார். இரண்டு நாள் கழித்து உதவி மையத்துப் பெண்ணே கூப்பிட்டாள்.

"சார், நீங்க சொன்னதுதான் நியாயம்னு முடிவாயிடுச்சு. நீங்க கூட்டிட்டு வந்தவங்க இனிமே எதை வாங்கினாலும் உங்களுக்குப் பங்கு உண்டு. பழசும் சேர்த்து வரும்."

"எல்லாரும் மறுபடி என் ஆளுங்கதானே?"

"ஆமா சார், உங்க ஆளுங்கதான்." ஏனோ அவள் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேண்டும் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை. போனை வைத்தார். இனி அந்த எண்ணைக் கூப்பிடவும் காரணம் இல்லை.

சந்தோஷத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே. பெரிய பெட்டி பிஸ்கட் வாங்கினார். ஃபிளாஸ்க் நிறைய டீ போட்டார். பட்டறை மேஜையிலிருந்த அச்சுகளை ஒதுக்கித் துணி விரித்தார். கதவு கதவாகத் தட்டி, "ஆறு மணிக்கு வாங்க, எல்லாம் உங்களாலதான்" என்று அழைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷமாம்.

ஆறு மணி ஆயிற்று, ஏழும் ஆயிற்று. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றார். அவர் வாசலை நெருங்கும்போது மட்டும் அந்தச் சத்தம் நுனிக்காலில் போயிற்று. ஆறிய டீயை ஒரு கோப்பையில் ஊற்றி, தானே குடித்தார். அலமாரியில் வாய்கள் வரிசையாகத் திறந்திருந்தன.

பிஸ்கட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே போனார். தையல்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து வெளியே வந்தவர், நிமிரும்போது நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்.

"பயப்படாதீங்க, லிங்க் இல்லை" என்றார் பல்செட்காரர். "பிஸ்கட்தான்."

தையல்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, படியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். எல்லாரும் விழுந்து விழுந்து வாங்கினீங்களே, அந்த ரெண்டாம் பாடத்துல என்னதான் சொல்லித் தர்றாங்க?"

தையல்காரர் வாயிலிருந்ததை மெல்ல மென்று விழுங்கினார்.

"'தொல்லை பண்றவங்ககிட்டேர்ந்து அவங்க மனசு நோகாம நழுவுவது எப்படி'ன்னு பேருண்ணே; அந்தக் கமிஷன் உங்களுக்குச் சேர வேண்டியதுதான், நீங்க இல்லேன்னா எங்கள்ல ஒருத்தர்கூட அதை வாங்கியிருக்க மாட்டோம்."