நான் இடம் பார்த்த டவர்

சொந்த ஊரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பவனிடம் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள். செல்போன் டவர் வைக்க இடம் பார்த்துத் தரும் வேலை. சேர்ந்து மூன்றே வாரம். கழுத்தில் ஐடி கார்டு. (குளிக்கும்போது மட்டும் கழட்டுவேன். அதுவும் அம்மா திட்டியதால்.)

குருவிநத்தம் பக்கம் டவர் வேண்டும் என்று கம்பெனி சொன்னதும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அங்கேதான் என் அத்தை வீடு. அத்தை மகள் பிரான்ஸில் மாசமாக இருந்தாள். அத்தைக்கு விசா கிடைக்கவில்லை. வீடியோ காலிலோ மகள் முகம் பாதி வந்து அப்படியே நின்றுவிடும்.

"பொறக்கப்போற கொழந்தையாவது முழுசா தெரியுமாடா?" என்று கேட்டார் அத்தை.

"அத்தே, உன் கொல்லையிலயே டவர் வச்சி வுடறேன். பொறந்த புள்ள கொட்டாவி வுட்டாகூட தெரியும்!"

எங்கள் பக்கம் ஒரு வயல் பாண்டிச்சேரி என்றால் அடுத்த வயல் தமிழ்நாடு. மாமாவுக்கு இரண்டு பக்கமும் நிலம். "சர்வேயரை வச்சு அளந்துடுப்பா" என்றார் மேனேஜர்.

"எதுக்கு சார்? மோட்டர் கொட்டாய் பக்கத்துல எல்லைக்கல்லே இருக்கு. சின்ன வயசுல அதுமேல நின்னு ஒரு கால் பாண்டி, ஒரு கால் தமிழ்நாடுன்னு வெளாண்டவன் நான்."

(இந்த வசனத்தை நினைத்தால் இன்றும் தலையணையைக் கடிக்கத் தோன்றுகிறது.)

கல்லுக்கு இந்தப் பக்கம், அதாவது பாண்டிச்சேரிப் பக்கம், மேடான இடமாகப் பார்த்துக் குறித்தேன். பாண்டிச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தில் அனுமதியும் வாங்கியாயிற்று. பூஜை அன்று அத்தை அண்டா நிறைய கேசரி கிண்டியிருந்தார். மகளுக்குப் பிரசவம் அடுத்த மாதம். குழி தோண்ட இடம் குறிக்க மேனேஜரோடு ஒரு சர்வேயர் வந்தார். கருவியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க நிக்கிறது கடலூர் மாவட்டம்."

"மெஷின்ல சார்ஜ் இருக்கான்னு பாருங்க சார். கல்லு இங்க இருக்குதே!"

"கல்லு இங்க இருக்குது. ஆனா அது இருக்க வேண்டிய எடம் அந்த வாய்க்காலுக்கு அந்தாண்ட."

கேசரித் தட்டோடு வந்த அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாடா, அந்தக் கல்லா? நான்தான் கொண்டாந்து போடச் சொன்னேன். கல்யாணமான புதுசுல இந்த வூட்ல துணி தொவைக்க ஒரு கல்லு கெடையாது."

"ரெண்டு மாடு கட்டி இழுத்தேன் சார்," என்றார் மாமா, பெருமையாக.

"நாப்பது மீட்டர்," என்றார் சர்வேயர். அத்தை துணி துவைக்க, மாமா மாநில எல்லையை நாற்பது மீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறார். அனுமதி பாண்டிச்சேரியில், குழி தமிழ்நாட்டில். நிஜமான பாண்டிச்சேரிப் பக்கமோ முழங்கால் தண்ணீரில் நெல். மேனேஜர் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டார், என் ஐடி கார்டைக் கழட்டி வாங்கிக்கொண்டார், போய்விட்டார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. "அப்ப கொழந்தைய பாக்க முடியாதாடா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

குழந்தை பிறந்த அன்று அத்தையை பைக்கில் ஏற்றிக்கொண்டு பாகூர் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே சிக்னல் சுத்தமாக இருக்கும். பின்சீட்டில் உட்கார்ந்தபடியே பேத்தியை முழுசாகப் பார்த்தார். கொட்டாவி உட்பட. அழுதார். நானும்தான். (தூசு.)

அதன்பின் ஒன்றரை வருஷம் தினமும் சாயங்காலம் இதுதான் என் வேலை. வேறு யாரோ இடம் பார்த்து, ஒழுங்காக அளந்து, ஒருவழியாக டவர் வந்தது. அத்தை முதல்முறையாகத் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டார். குழந்தை பார்த்தது, வீல் என்று கத்தியது.

"பைக் இல்லாம உன்னை யாருன்னே தெரியலம்மா அவளுக்கு!" என்றாள் மகள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பைக்கை வாசப்படி ஏற்றி ஹாலுக்குள் தள்ளி ஸ்டாண்டு போடுகிறேன். அத்தை ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் வீடியோ கால். ஒவ்வொரு வாரமும் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்பார்:

"பாத்து நிறுத்துடா. அளந்தியா?"