சம்பந்தி வீட்டு அளவு ஜாக்கெட்

துணி எடுக்கக் கூட்டமாகப் போகக் கூடாது. தனியாகவும் போகக் கூடாது. அம்மாவோடு போகவே கூடாது. இந்த மூன்றையும் ஒரே விசேஷத்துக்காகச் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் உங்கள் தலையெழுத்து.

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு கட்டடத்தில் எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றாமலே கத்தரிக்காய் வாங்கப் போவேன். (குளிக்கும்போது கழற்றினேன் என்றுதான் நினைக்கிறேன்.) அப்பாவுக்குக் கடற்கரையோர அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பில் வீடு. அண்ணனுக்குப் பெண் தேடித் தேடி அம்மாவின் செருப்பும் அண்ணனின் தலைமுடியும் போட்டி போட்டுத் தேய்ந்துகொண்டிருந்தன. ஜாதகம் சேர்ந்தால் முடி இடித்தது, முடியைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு ஜாதகம் இடித்தது.

கடைசியில் சிங்கப்பெருமாள் கோயிலில் கவிதா என்ற பெண் அமைந்தாள். எல்லாம் பொருந்தியது. ஒரே பயம், பெண்ணின் தாய்மாமா. மனிதர் சகுனம் பார்ப்பதில் பேர் போனவர். பெண் பார்க்கப் போன அன்று எங்கள் வாடகைக் கார் அவர்கள் வாசலில் ஒருமுறை இருமி நின்றதற்கே முகத்தைச் சுளித்தார். "நிச்சயதார்த்தத்துல ஒரு குறை வந்தாலும் அந்த மனுஷன் கலைச்சு விட்டுருவார். இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நிச்சயதார்த்தத்தில் பெண் முதலில் தன் வீட்டுப் புடவையில் வந்து உட்காருவாள். மாப்பிள்ளை வீட்டார் தட்டில் பட்டுப்புடவை வைத்துக் கொடுப்பார்கள். அவள் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்து சபையில் மறுபடி உட்கார வேண்டும். அந்தப் புடவையும், அதற்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. அதை நான் என் பொறுப்பாக்கிக் கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பழக்கமான கடை செங்கல்பட்டுக் கடைத்தெருவில் இருந்த பாய் கடை. "வாங்கம்மா, உக்காருங்க. எடுக்கலன்னாலும் பரவால்ல, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பாய் புடவைகளை விரித்துத் தள்ளுவார். நாங்கள் போய் உட்கார்ந்த நிமிடமே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவையைப் போட்டார். அம்மாவின் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"எடுத்துடலாம்டி சுமதி."

"அம்மா, இது ஜவுளிக்கடை. இப்ப எல்லாரும் பொட்டிக்லதான் எடுக்கிறாங்க."

"அங்கேயும் துணிதானே விக்கிறாங்க?"

"அது வேற கான்செப்ட்மா."

பாய் புடவையை மடித்து ஓரமாக வைத்தார். உள்ளே வைக்கவில்லை, ஓரமாக வைத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரம். கடற்கரைக்குப் பின்னால் வெளிநாட்டுக்காரர்கள் சுற்றும் தெருவில் வரிசையாகப் பொட்டிக்குகள். முதல் கடை வாசலிலேயே யானைப் படம் போட்ட, தொளதொளவென்ற ஏதோ ஒன்று தொங்கியது.

"இது தலகாணி உறையா தம்பி?" என்றாள் அம்மா.

"பேன்ட்டும்மா. வெள்ளக்காரங்களுக்குன்னு தச்சி வச்சிக்கீறோம். உங்களுக்கு செட்டாவாது" என்றார் கடைக்காரர், நாங்கள் வாங்கிவிடுவோமோ என்று பயந்தவர் போல.

பட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "இது இன்னாக்கா, கடலாண்ட வந்து பட்டு கேக்குற" என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. வந்ததற்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று அம்மா டிவிக்கு ஒரு உறை வாங்கினாள். (அது மேல்சட்டை என்று வீட்டுக்கு வந்து கைகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் டிவிக்குப் பொருந்தியது.)

அதற்கடுத்த வாரம் கேளம்பாக்கம். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்காரச் சோபா. கடை முழுக்கத் தேடினாலும் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய புடவைகள்தான் தொங்கின.

"கடையக் காலி பண்றாங்களா?" என்று அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்த பொட்டிக் மேடம், "எங்களோடது எல்லாமே ஒரே ஒரு பீஸ்தான் மேடம்" என்றார். எனக்குப் புல்லரித்தது. அம்மா விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதன்பிறகு தண்ணீர் கேட்டாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எங்களுக்குள் நடந்த சண்டையைக் கேட்டு டிரைவரே திரும்பிப் பார்த்தார். "யம்மா, ரெண்டு பேரும் சொல்றதும் கரீட்டுதான். கம்முனு வாங்க, எனுக்கு ரோடு தெரியல" என்றார். திருப்போரூர் தாண்டுவதற்குள் சமாதானம் ஆனது. புடவை பாய் கடையில், ஜாக்கெட் பொட்டிக்கில். நாங்கள் மறுபடி போனபோது பாய் அந்த அரக்குப் புடவையை அதே ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் புடவைக்குத் தோதாக, எனக்கும் அரக்குக் கரை போட்ட கடுகு மஞ்சள் புடவை ஒன்று எடுத்தோம். ஆக, தைக்க வேண்டியது இரண்டு அரக்கு ஜாக்கெட். எனக்குப் பொட்டிக்கில் டேப் வைத்து அளந்துவிட்டார்கள். பெண்ணுக்கு? "கவிதாவ ஒரு நாள் கேளம்பாக்கத்துக்கு அனுப்புறீங்களா?" என்று சம்பந்தியம்மாவிடம் போனில் கேட்டேன்.

"இன்னாம்மா இப்புடி கேட்டுட்ட? நிச்சயம் ஆவாத பொண்ண எப்புடி மாப்ள வூட்டாரோட வெளிய அனுப்புறது? அளவு ஜாக்கெட்டு குடுத்து அனுப்புறேன்."

அளவு ஜாக்கெட் என்றால் தெரியும்தானே? உடம்புக்குச் சரியாக இருக்கும் ஒரு ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் கொடுத்து, இதே மாதிரி தையுங்கள் என்பது. அது வந்தது. பாக்குத் தட்டில், மஞ்சள் குங்குமத்தோடு, மல்லிகைச் சரம் சுற்றி வந்தது. ரோஸ் நிறம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. அக்குளில் சாயம் போகவில்லை, கொக்கிகள் பளபளவென்று வரிசையாக இருந்தன.

"போட்ட மாதிரியே இல்லயேடி! எவ்வளவு பதவிசான பொண்ணு பாரு" என்று அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் ஜாக்கெட்டுகளின் லட்சணத்தையும் அதே மூச்சில் சொன்னாள். நானும் அந்த ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மெச்சினேன். இவ்வளவு படித்து, கணினியில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் நான்.

பொட்டிக்கில் போய் உத்தரவு போட்டேன். "இந்த அளவுக்கு ஒரு நூல் கூடக் கூடாது, ஒரு நூல் குறையக் கூடாது."

"உள்ள பிரிச்சு விடுறதுக்குத் துணி விடட்டுமா?"

"விட்டா எப்படி இருக்கும்?"

"ஃபினிஷிங் வராது."

"அப்ப வேண்டாம், வெட்டிருங்க" என்றேன். அடையாள அட்டை கழுத்தில் ஆடியது.

நிச்சயதார்த்தம் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கவிதா கிளிப்பச்சைப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். அழகாகத்தான் இருந்தாள். அம்மா தட்டைக் கொடுத்தாள். புடவையும் அதன்மேல் என் பொட்டிக் ஜாக்கெட்டும். கழுத்தில் வைத்த மணி வேலையை முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தாய்மாமாவும் முன்வரிசையில்தான் இருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. நல்ல நேரம் முடிவதற்குள் பெண் திரும்பி வந்து உட்கார வேண்டும். நாத்தனார் என்ற முறையில் புடவை கட்டிவிட நானும் கூடப் போனேன். சம்பந்தியம்மா கதவைச் சாத்தினார்.

கவிதா ஜாக்கெட்டில் கையை விட்டாள். கை முழங்கையில் நின்றது.

"மெதுவா... மெதுவா விடுங்க" என்றேன். மெதுவாக விட்டாலும் அங்கேதான் நின்றது. மூச்சடக்கி வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தாள். நான் பின்னாலிருந்து இழுத்து எப்படியோ தோள்வரை ஏற்றினேன். கொக்கிக்கும் அதன் காதுக்கும் நடுவே ஒரு சாண் வெட்டவெளி. உள்ளே பிரித்துவிடத் துணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஃபினிஷிங் மிகப் பிரமாதமாக இருந்தது.

"ம்மா, எந்த ஜாக்கெட்ட அளவுக்குக் குடுத்த?" என்றாள் கவிதா.

"அதாண்டி, அந்த ரோஸு. புச்சு."

"அது பத்தலன்னுதானே தச்ச அன்னிக்கே கழட்டி பொட்டில போட்டேன்!"

சம்பந்தியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "பின்ன? நீ போட்டுகினு கீற பழசையெல்லாம் அனுப்ப சொல்றியா? அக்குள்ல வெளுத்து, கொக்கி பிஞ்சி... மாப்ள வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அளவுக்கு ஜாக்கெட் கேட்டால் அழகுக்கு ஜாக்கெட் அனுப்புவார்களா? அந்த அறையில் கத்தக்கூட முடியவில்லை. கதவுக்கு வெளியே தாய்மாமாவின் குரல் கேட்டது.

"இன்னும் இன்னா பண்ணிகினு கீறீங்க? நேரம் போவுது! முதல் பொடவையே லேட்டா?"

கவிதா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "கிளிப்பச்சையே போட்டுக்கவா?" என்றாள். அரக்குப் புடவைக்குக் கிளிப்பச்சை ஜாக்கெட்டோடு போனால் மாமா கேட்பார், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அளவு சேராத சம்பந்தம் என்று முடிந்துவிடும். அண்ணனின் வழுக்கை என் கண்முன் வந்து போனது.

பிறகு என் கண் என் தோளுக்குப் போனது. அரக்கு. மணி வேலை. அதே துணி, அதே தையல்.

"கழட்டுங்க" என்றேன்.

"இன்னாத்த?" என்றார் சம்பந்தியம்மா.

"கிளிப்பச்சைய!"

நாங்கள் ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டோம். எனக்கு டேப் வைத்து அளந்து தைத்தது, அவளுக்கு டேப் வைத்து அளந்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டு பேர் உடம்பும் ஒரே வாகு. இதைப் பெண் பார்த்த அன்றே யாராவது கவனித்திருந்தால் பாக்குத் தட்டும் மல்லிகைச் சரமும் மிச்சம்.

கவிதா சபைக்கு வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தாய்மாமாவே தலையாட்டினார். அவளுக்குப் பின்னால் நான். கடுகு மஞ்சள் புடவை, அரக்குக் கரை, கிளிப்பச்சை ஜாக்கெட். முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார்.

"மாப்ள தங்கச்சிக்கு கலரே தெரியாது போல கீதே" என்றார் தாய்மாமா, பக்கத்து நாற்காலிக்காரரிடம், ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"ஐ.டி.ல வேல செய்யுதாம்" என்றார் அவர்.

"அதானே பாத்தேன்."

அம்மாவின் பார்வை என்னைச் சுட்டது. பொட்டிக் ஜாக்கெட் எங்கே என்று வாயசைத்தாள். நான் பெண்ணைக் காட்டினேன். அம்மாவுக்குப் புரியவில்லை. வீடு போகும் வழியில் விளக்கினேன். அம்மா சிரிக்கத் தொடங்கியவள், டிவி உறையைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

மறுநாள் பொட்டிக்கில் போய்ச் சண்டை போட்டேன். மேடம் ரோஸ் ஜாக்கெட்டையும் அரக்கு ஜாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, "ஒரு நூல் வித்தியாசம் காட்டுங்க மேடம்" என்றார். காட்ட முடியவில்லை. சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன், ஏசிக்காவது ஆகட்டும் என்று.

கல்யாணம் நடந்தது. கவிதா அண்ணியானாள். அடுத்த வருடமே வளைகாப்பு. அது அவர்கள் வீட்டுச் சீர். சம்பந்தியம்மா போன் செய்தார். "பொடவ எடுத்துட்டேன். அளவு ஜாக்கெட்டு ஒண்ணு குடுத்து அனுப்பும்மா."

அண்ணியின் பீரோவைத் திறந்தேன். ஒன்றில் மஞ்சள் கறை. ஒன்றில் கை ஓரம் நூல் பிரிந்திருந்தது. ஒன்று அக்குளில் நிறம் மாறியிருந்தது. இதையெல்லாம் அனுப்பினால் நம் வீட்டில் பெண்ணை எப்படி வைத்திருக்கிறோம் என்று நினைப்பார்கள்? அடியில் ஊதா நிறத்தில் ஒன்று கிடைத்தது. மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்து இஸ்திரி போட்டு, நல்ல கவரில் வைத்து, கொஞ்சம் மல்லிகையும் வைத்தேன். அவர்கள் வைத்தார்களே, நாம் வைக்க வேண்டாமா?

அறை வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சுமதி, அது நான் போட்டதே இல்ல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டை விட்டு எந்தப் பொருள் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினாலும் அண்ணன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போட்டதா, போடாததா?" முறுக்கு டப்பாவுக்கும் கேட்பான். எனக்கு வரன் பார்க்கும்போது, ஸ்டுடியோவில் வெள்ளையாக்கி எடுத்த என் போட்டோவை அம்மா ஜாதகத்தோடு வைத்தபோதும் கேட்டான். அம்மா யோசித்தாள். அண்ணி உள்ளே போய் நிச்சயதார்த்த ஆல்பத்திலிருந்து, நான் கிளிப்பச்சை ஜாக்கெட்டோடு நிற்கும் படத்தை உருவிக்கொண்டு வந்து கவரில் போட்டாள். நான் பிடுங்கப் போவதற்குள் ஒட்டிவிட்டாள்.

அந்தக் கவரைப் பிரித்தவர்தான் இன்று என் கணவர். துணிக்கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பர்ஸிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டுகிறார். "இதுல இருக்கிற ரெண்டு கலரையும் தவிர, மத்ததெல்லாம் காட்டுங்க" என்கிறார்.