ஒரு தரம் அமுக்கினால் போதும்

"நிறுத்துன்னா நிக்காத வண்டியில யாராச்சும் ஏறுவாங்களாப்பா?"

தான் எழுதிய, கணக்குப் போடும் கணினி நிரல் ஓடத் தொடங்கினால் யாராலும் நடுவில் நிறுத்த முடியாது என்று பொறியாளர் பெருமையடித்தபோது, மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். மனிதருக்குச் சுருக்கென்றது. போன வாரம் 'நிறுத்து' என்று ஒரு பொத்தானைச் சேர்த்துவிட்டார். தலைதெறிக்க ஓடும் நிரல் இனி நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானைத் திரும்பிப் பார்க்கும்.

இன்று மதியம் குறிப்பேட்டைப் புரட்டியவர் ஒரு வரியில் விரலை வைத்தார். அணையின் நீர்மட்டம் இருபத்தொன்று. காலையில் நிரலில் அவர் தட்டியதோ பன்னிரண்டு! நான்கு மணி நேரக் கணக்கு. இப்போதே நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் ஆறு மணிக்கு மகளின் நாடகத்துக்குப் போய்ச் சேர முடியும்.

பொத்தானை அமுக்கினார். நிற்கவில்லை. அடுத்தடுத்து மூன்று தரம் அமுக்கினார். ஊஹூம்.

"தடவிக் குடுத்தா நிக்குமா? தள்ளுங்க" என்று மேலாளர் வந்து எட்டு தரம் குத்தினார். நிரல் அசையவில்லை.

"கரண்டைப் பிடுங்கிடட்டுமா சார்?" என்றார் காவலாளி.

"ஐயோ, பக்கத்துப் பிரிவு கணக்கும் இதே மெஷின்லதான் ஓடுது!" என்று தடுத்தார் பொறியாளர்.

"அப்ப நானும் ஒரு கை பாக்கறேன்" என்று காவலாளி தன் பங்குக்கு ஆறு தரம் அமுக்கினார்.

கடவுளை வேண்டிக்கொண்டு பொறியாளர் தன் நிரலைத் திறந்து படித்தார். தலையில் கைவைத்தார். ஒவ்வொரு நிமிடமும் எத்தனை தரம் அமுக்கினார்கள் என்று பொத்தான் எண்ணிச் சொல்கிறது. நிரலுக்குத் தெரிந்ததோ இரண்டே பதில்: ஒன்று என்றால் 'ஆம்', சைபர் என்றால் 'இல்லை'. எட்டு என்றால் அதற்கு 'ஆம்' ஆகாது, தன்பாட்டுக்கு ஓடும்.

"ஒரே ஒரு தரம் அமுக்கிட்டு ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நின்னிருக்கும் சார். நம்ம யாருக்கும் கை சும்மா இருக்கலையே!"

மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பொறியாளர் ஒற்றை விரலை நீட்டினார்.

சாப்பிட்டுத் திரும்பிய பக்கத்து மேசைப் பெண் ஓடிவந்து, அவர் காதருகே குனிந்தாள்.

"நிறுத்திடாதீங்க சார். உங்க குறிப்பேட்டைப் பாத்துட்டு, காலையிலயே ஒரு தரம் அமுக்கி நிறுத்தி, அந்தப் பன்னிரண்டை இருபத்தொண்ணா மாத்தி ஓட விட்டுட்டேன். போன வருஷம் என் தப்பை நீங்க யாருக்கும் சொல்லாம திருத்தினீங்கல்ல?"