ரப்பர் கையுறை இருந்தா தொடலாம்

என்ன மச்சான்களா, கதைன்னதும் சிரிக்கிறதுக்கு வாயைத் திறந்து வச்சுட்டீங்க? மூடுங்க. இது அரசாங்க விஷயம், மரியாதையா கேளுங்க.

கண்ணாடி வெட்டுற மனுஷன் ஒருத்தர். தூக்கின கண்ணாடி நழுவி தொடையில இறங்கிடுச்சு. ஆட்டோ பூரா ரத்தம். ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டாரப்ப ஆள் சுண்ணாம்பா வெளுத்துட்டார், பேச்சு குழறுது. சம்சாரம் முந்தானையைச் சுருட்டி காயத்து மேல வச்சு அழுத்தின பிடியை விடல.

நர்ஸம்மா நாடி பாத்துக் கத்தினாங்க: "பேஷன்ட் ஷாக்ல இருக்கார்!"

பக்கத்துல நின்ன நிர்வாக அதிகாரி துள்ளிக் குதிச்சார்.

"ஷாக்கா? யாரும் தொடாதீங்க! எல்லாரும் மரப் பெஞ்சு மேல ஏறுங்க!"

காத்திருந்த கூட்டம் மொத்தமும் பெஞ்சு மேல.

"சார், கரண்ட் ஷாக் இல்ல! ரத்தம் போய் உள்ள குழாயெல்லாம் காஞ்சு கெடக்கு. சலைன் ஏத்தணும்."

அதிகாரி ஆழ்ந்து பரிசீலித்தார். "குழாய்ல தண்ணி இல்லைன்னா அது குடிநீர் வாரியம்."

"மூச்சு வாங்குது சார், ஆக்சிஜன்..."

"காத்தா? மாசுக் கட்டுப்பாடு. கரண்டோட சேத்து மூணு துறை. மூணும் கூடி முடிவெடுக்கும் வரை மேற்படி நபர் இதே நிலையில் நீடிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

மேற்படி நபருக்குக் கண்ணு செருகுது. நர்ஸம்மா ஒரு அடி எடுத்து வச்சா, "சஸ்பெண்ட்!"ங்கிறார்.

அதிகாரி சம்சாரத்துப் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களும் கையை எடுங்க. உங்களுக்கும் அடிக்கும்."

"அடிக்கட்டும். இந்த ஆளைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே அடிச்சாச்சு."

சொல்லிட்டு அந்தம்மா நர்ஸோட கையைப் பாத்தாங்க. குரல் சட்டுனு மனு குடுக்கிற குரலாச்சு.

"ஐயா, ரப்பர்ல கரண்ட் பாயாதுங்களே?"

"பாயாது. விதியே இருக்கு."

"நர்ஸம்மா போட்டிருக்கிறது ரப்பர் கையுறைதானே?"

அதிகாரி குனிஞ்சு பாத்தார். முகம் மலர்ந்துச்சு. "விதிக்கு உட்பட்டது. தொடலாம்!"

மூஞ்சில மாஸ்க், ரெண்டு கையிலும் ஊசி, சலைன் கொட்டுது. டாக்டர் ஓடி வந்து காயத்தைக் கட்டினார். கொஞ்ச நேரத்துல கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"ஏன் எல்லாரும் பெஞ்சு மேல நிக்கிறாங்க?"



"சலைன் சும்மா தாக்குப் பிடிக்கத்தான். இனி ரத்தம்தான் வேணும்"னு நர்ஸம்மா குரூப்பைச் சொல்லிக் கேட்டாங்க. ஆட்டோக்காரர் சட்டைக் கையை மடக்கிட்டு முன்னால வந்தார். "என்னுது அதான். எடுங்க."

"இன்னொருத்தர் வேணும். பெஞ்சு மேல யாராவது?"

"இறங்கலாம்னு இன்னும் உத்தரவு வரலையேக்கா"ன்னான் ஒரு பய.

அந்தப் பய நான்தான். பெஞ்சுல முதல்ல ஏறினதும் நான்தான். என்னுதும் அதே குரூப்பு.