கடிகாரச் சீட்டில் அப்பாவின் கோபம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து வந்ததும் வராததுமாக, இனி யோசிக்காமல் வாயைத் திறப்பதில்லை என்று அப்பா முடிவெடுத்தார். போதகர் அன்றைக்கு நாக்கைப் பற்றிப் பேசியிருந்தார். அது சின்ன நெருப்பாம், பெரிய காட்டையே கொளுத்துமாம், வேதத்திலேயே இருக்கிறதாம். பிரசங்கம் முழுக்க அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். முன்னறை ஜன்னலோரம் அவர் மேஜை. வருகிற ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு சீட்டு எழுதுவார்: யாருடையது, என்ன கோளாறு, தேதி. அந்தச் சீட்டுக்கட்டையே எடுத்துக்கொண்டார். கோபம் வந்தால் முதலில் சீட்டில் எழுதுவாராம். நல்ல வார்த்தை மட்டும் வாய்க்கு வருமாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே இது சுற்றுவழி என்று தெரிந்தது.

ஆனால் வேலை செய்தது. அதுதான் குழப்பம். அன்று மதியம் சாப்பாட்டில் உப்பில்லை. அப்பா எழுதினார், "நல்லாருக்கு" என்றார். காய்ச்சலா என்று அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா கேட்டாள். "ஏங்க, எங்க அண்ணன் ஒரு மாசம் வந்து இருக்கட்டுமா? முன்னறையில படுத்துக்கும்."

மாமா தும்முகிறவர். போன தடவை மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு தும்மல். பிரித்து வைத்திருந்த கைக்கடிகாரம் அறை முழுக்கப் பறந்தது. கடைசித் திருகாணி ஆறு வாரம் கழித்து என் சாக்ஸுக்குள் கிடைத்தது. மாமா முன்னறைக்கு வந்தால் அப்பா பிழைப்பு அவ்வளவுதான்.

அப்பா நான்கு சீட்டு எழுதினார், இரண்டு பக்கமும். பிறகு நிமிர்ந்து, "தாராளமா வரட்டும்" என்றார்.

ஏன்ப்பா என்று அப்புறம் கேட்டேன். "வேற நல்ல வார்த்தை எதுவும் தோணலடி" என்றார் பாவமாக. போதகர் சொன்னபடிதானே செய்தார்? தப்பு எங்கே என்று எனக்குப் புரியவேயில்லை.

மாமா சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அப்பா தாங்கமாட்டாமல் அம்மாவிடம் போய் நின்றார்.

"அது வாயில சொன்னது. என் மனசுல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

"தெரியுமே" என்று அம்மா சீட்டு டப்பாவைத் திறந்தாள்.

எழுதின சீட்டை அப்பா கிழிக்கவே மாட்டார். ஆள் வந்து கடிகாரத்தை வாங்கும்வரை டப்பாவில் இருக்கவேண்டும். பழக்கதோஷத்தில் கோபத்தையும் அதிலேயே போட்டிருக்கிறார். கடிகாரங்களைத் திருப்பிக் கொடுப்பது அம்மா வேலை. தினமும் டப்பாவைத் துழாவுகிறவள் அவள்தான்.

உப்பிலிருந்து எல்லாம் இருந்தது, தேதி போட்டு. ஒன்றை அம்மா உரக்கப் படித்தாள்: "யாருடையது, மச்சான். கோளாறு, மூக்கு. சரிசெய்ய முடியாது."

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"திங்கட்கிழமையே உப்புச் சீட்டைப் படிச்சுட்டேன். திட்டறதை இங்க திட்டிட்டு, வாயில சரின்னுதான் சொல்வீங்கன்னு தெரிஞ்சுது. அதான் மறுநாளே கேட்டேன்."

அப்பா கை தானாகச் சீட்டுக்கட்டைத் தேடியது. அம்மா அதைத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்கு ஆள் வருது. ஆள் வந்தா சீட்டைக் கையில குடுத்துடறது நம்ம வழக்கம். குடுத்துடட்டுமா?"

அப்பா எதையும் எழுதவில்லை. யோசிக்கவும் இல்லை.

"மேஜையை எங்க நகத்தணும்?" என்றார்.