லெனாட் வீட்டுச் சார்ஜர்கள்

அலுமாரிக்குள் கிடக்கும் பழைய லப்டொப் சார்ஜர்களில் ஒன்றைக்கூடக் குப்பைக்கு அனுப்புவதில்லை என்று தெல்லிப்பழை லெனாட் சபதம் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் கண்முன்னே லப்டொப்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. சார்ஜர்கள் மட்டும் சாகவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டு, அலுமாரியின் அடித்தட்டில் சாரைப்பாம்புக் குடும்பம் மாதிரிக் கிடந்தன.

அந்தத் தட்டு மனைவி நிமலினிக்கு வேண்டியிருந்தது. அவளுடைய சீலைகள் சூட்கேசுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன.

"சார்ஜர் உங்களுக்கு, சார்ஜ் ஏறுறது எனக்கு. எறியுங்கோ அப்பா."

"எறியிறதோ? இஞ்சை பாரும், எல்லாம் பத்தொன்பது வோல்ற். வோல்ற்றைக் குறைக்கிற ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை பூட்டினால் லைற் எரியும், ஃபான் சுத்தும். உமக்கு உதெல்லாம் விளங்காது."

"ஓம், விளங்காதுதான். அப்ப குசினிக்கு ஒரு லைற் போடுங்கோவன்."

இவ்வளவு லேசில் அவள் ஓம் சொன்னபோதே லெனாட் உசாராகியிருக்கவேண்டும். ஆகவில்லை. சார்ஜரின் முனையை வெட்டி, வயரைச் சீவி, பலகையைப் பூட்டி, லைற் பட்டியை அடுப்புக்கு மேலே ஒட்டினார். குசினி பளிச்சென்றது. நிமலினி கைதட்டினாள். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள்.

"றோஸ் அக்கா, ஓடியாங்கோ! என்ரை மனிசன் குப்பையிலை வெளிச்சம் எடுத்திருக்கிறார்!"

குப்பை என்ற சொல் மட்டும் இடித்தது. மற்றதெல்லாம் இனித்தது.

அடுத்தநாள் றோஸ் அக்கா கோழிக்கூட்டுக்கு ஒரு லைற் கேட்டா. பூட்டி முடிய, "அப்பிடியே விறாந்தைக்கும் ஒண்டு" என்றா. பின்வீட்டுக் கனகரத்தினம் அண்ணை வந்தார்.

"மாட்டுக்குச் சரியான நுளம்புக்கடி தம்பி. கொட்டிலுக்கு ஒரு ஃபான் பூட்டித் தாருமன்."

பிறகு கோயில் பாடகர் குழு வந்தது. சுன்னாகத்தில் இருந்துகூட ஆள் வந்தது. லெனாட்டின் சட்டைப்பையில் கரண்ட் பார்க்கிற ரெஸ்ரர் ஏறியது. நடையே மாறிவிட்டது.

"ஊரே என்னைத் தேடுது, பாத்தீரே?" என்றார் சாப்பிடும்போது.

"உங்கடை மூளை ஆருக்கு வரும்? இன்னும் ரெண்டு பேர் கேட்டவை. வரச் சொல்லட்டே?"

"சொல்லும், சொல்லும்."

மாதம் முடிவதற்குள் அடித்தட்டு வெறுமையானது. அங்கே சீலைகள் குடியேறின. லெனாட்டுக்குக் கொஞ்சம் கவலைதான். ஆனாலும் கொடுப்பதுதானே கலைஞனுக்குப் பெருமை என்று தேற்றிக்கொண்டார்.

ஒருநாள் பின்னேரம், தான் பூட்டிய ஃபானைப் பார்த்து மகிழ மாட்டுக் கொட்டிலுக்குப் போனார். ஃபான் வைக்கோலுக்கு மேல் படுத்திருந்தது. மாடு வாலாலேயே நுளம்பு கலைத்துக்கொண்டு நின்றது.

"என்ன அண்ணை, சுத்தேல்லையோ?"

"நல்லாச் சுத்துது தம்பி. மாடுதான் வெருளுது." கனகரத்தினம் அண்ணை தலையைச் சொறிந்தார். "குறை நினையாதையும். எனக்கு உது தேவைப்படேல்லை. உம்மடை மனிசிதான் வந்து, அவரிட்டை ஒண்டு கேளுங்கோ அண்ணை எண்டு நிண்டவ. சும்மா இல்லை, ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் தந்தவ."

லெனாட் வளவில் நிற்பது ஒரே ஒரு கறுத்தக்கொழும்பான். அதற்குத் தினமும் தண்ணி ஊற்றுவது அவர். இந்த முறை அவர் வாயில் ஒரு துண்டும் படவில்லை.

"அப்ப, றோஸ் அக்காவுக்கும் குடுத்தவவோ?"

"றோசுக்கு ரெண்டு பை. அவ ரெண்டு சார்ஜரெல்லே எடுத்தவ!"